சாமுராயின் அரிசி மூட்டை

நாற்பத்தெட்டு வயதில் நான் கராத்தே கற்றுக்கொள்ளப் போனேன். விமர்சனம் எழுதுகிறவன் தான் நிற்கும் இடத்தை மறைக்கக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செவ்வாய்ப்பேட்டை மண்டி ஒன்றில் இருபத்தைந்து வருஷமாகக் கணக்கெழுதுகிறவன், உட்கார்ந்தே தொப்பை போட்டவன், சர்க்கரை வந்தவன். 'நடங்க, இல்லாட்டி ஏதாச்சும் செய்ங்க' என்றார் டாக்டர். அந்த 'ஏதாச்சும்' எனக்குக் கராத்தே ஆயிற்று. பக்கத்துத் தெரு மொட்டைமாடியில் காலை ஐந்தரைக்கு வகுப்பு. வெள்ளிப்பட்டறைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், வங்கி ஊழியர் என்று நடுவயதைத் தொட்ட ஏழெட்டுப் பேர். பயிற்சி முடிந்ததும் பத்து நிமிஷம் 'சாமுராய் தத்துவம்': ஒழுக்கம், விசுவாசம், சாவுக்கு அஞ்சாமை. பயிற்சியோடு எனக்குச் சண்டை இல்லை. இந்தப் பத்து நிமிஷத்தோடுதான்.

இந்தச் சொல்லாடல் எங்கே உற்பத்தியானது? 'புஷிடோ' என்ற பெயரை உலகறியச் செய்த நூலை நிடோபே இனாசோ 1900இல் வெளியிட்டார். அவர் குவேக்கர் கிறித்தவர், அமெரிக்கப் பெண்ணை மணந்தவர். நூலை எழுதியது ஆங்கிலத்தில், மேற்கத்திய வாசகருக்காக. அப்போது சாமுராய் என்ற சாதியே இல்லை. வாள் தரிக்கும் உரிமையும் பரம்பரை மானியமும் 1876இலேயே போய்விட்டன. ஒரு வர்க்கம் செத்து கால் நூற்றாண்டு ஆன பிறகுதான் அதன் 'ஆன்மா' கண்டெடுக்கப்படுகிறது. ஆன்மாக்கள் பெரும்பாலும் இப்படித்தான் கண்டெடுக்கப்படுகின்றன.

சரி, பழைய பிரதிக்கே போவோம். சாவையே வழியாகச் சொல்லும் 'ஹாகாகுரே'யைச் சொன்ன யாமாமோட்டோ சுனெடோமோ பிறந்தது 1659இல். ஜப்பானின் உள்நாட்டுப் போர்கள் 1638இல் ஷிமபாராவோடு ஓய்ந்துபோயின. அவர் ஒரு போரையும் பார்த்ததில்லை. பிரபுவின் அரண்மனையில் எழுத்துவேலை பார்த்தவர். 1700இல் பிரபு இறந்தபோது உடன் சாக விரும்பினார். அதற்கும் தடை இருந்தது. நாற்பத்தொரு வயதில் மொட்டையடித்துத் துறவியானார். பிறகு ஓர் இளைஞரிடம் வாயால் சொன்னதே அந்நூல். அதாவது மரணத்தின் இந்த மகா தத்துவம், சாகவும் வாய்ப்பில்லாத ஒரு நடுவயது எழுத்தரின் புலம்பல். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பாசமும் வந்தது. அவரும் கணக்குப்பிள்ளை ஜாதிதானே!

ஆனால் பாசத்தோடு நின்றுவிட முடியாது. சாமுராயின் மதிப்பு எதில் அளக்கப்பட்டது? அரிசியில். 'கோகு' என்பது அளவு; ஒரு கோகு சுமார் 180 லிட்டர், ஏறத்தாழ 150 கிலோ, ஓர் ஆள் ஒரு வருஷம் சாப்பிடும் அரிசி. இத்தனை கோகு மானியக்காரன் என்பதே அவன் அந்தஸ்து. இந்த அரிசியை விளைவித்தவன் யார், சுமந்தவன் யார் என்ற கேள்வி தத்துவத்துக்குள் வருவதில்லை. மரியாதைக் குறைவாக நடந்த குடியானவனை வெட்டிப் போடவும் சாமுராய்க்கு உரிமை உண்டு. செத்த மாட்டின் தோலை உரித்தவர்கள் அவனுடைய கவசத்துக்குத் தோல் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் தீண்டத்தகாதவர்கள். 1871இல் அரசாணை வந்த பிறகும் அவர்கள் சந்ததி மீதான இழிவு ஓயவில்லை. தமிழ் வாசகருக்கு இதில் எதையும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை.

இனி லீ பஜாருக்கு வருவோம். எங்கள் மண்டியில் மூட்டை தூக்கும் ஒருவர், என் வயதுக்காரர். முப்பது வருஷச் சுமை. இரண்டு முழங்காலும் போய்விட்டன. நான் வகுப்பு முடித்து வேர்வையோடு வந்த ஒருநாள் கேட்டார்: 'ஏன் சார், காசு குடுத்தா மூச்சு வாங்கறீங்க? எங்களுக்குக் கூலி குடுத்தில்ல வாங்க வெக்கறாங்க!' அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓய்வுநேரத்தில் விரும்பிச் செய்யும் உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது, ஓய்வில்லாத வேலைச் சுமை அப்படி அல்ல என்று டென்மார்க் ஆய்வாளர்கள் சில காலமாகச் சொல்லிவருகிறார்கள். அதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஆண் தொழிலாளி தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டினால் அதைக் குறைக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. அவர் வாலிபத்தில் தூக்கியவை நூறு கிலோ மூட்டைகள். ஒரே வயது, ஒரே தெரு. ஓர் உடல் தன்னைச் செதுக்கிக்கொள்கிறது, இன்னோர் உடல் தேய்க்கப்படுகிறது. 'உடல்நலம்' என்ற பொதுச்சொல் இந்த இரண்டையும் மூடிவிடுகிறது.

நடுவயதையும் சாமுராயையும் பேசுகிறவன் மிஷிமாவைத் தாண்டிப் போக முடியாது. 1945இல் ராணுவ மருத்துவச் சோதனையில் தேறாமல் தப்பியவர். 1955இல், முப்பது வயதில், எடை தூக்கத் தொடங்கினார். 1967இல் ஹாகாகுரேக்கு விளக்கம், 1968இல் 'சூரியனும் எஃகும்'. 1970 நவம்பர் 25 அன்று டோக்கியோ ராணுவ முகாமில் சிப்பாய்களைக் கலகத்துக்கு அழைத்தார். அவர்கள் கேலி செய்தார்கள். வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தார். வயது 45. அவருடைய வலதுசாரி அரசியலைப் பலர் பேசிவிட்டார்கள். எனக்குப் படுவது வேறு: அவர் முதுமையைச் சகிக்கவில்லை. அழகான உடல் அழுகுமுன் அழிய வேண்டும். நடுவயது ஆணிடம் சாமுராய் தத்துவம் விற்பதும் இந்தப் பயத்தைத்தான். சர்க்கரைக்காரனுக்கு வேண்டியதோ அழகாகச் சாவதல்ல. அசிங்கமாகவாவது இன்னும் முப்பது வருஷம் இருப்பது, பேத்தியைத் தூக்குவது, கக்கூஸில் குந்தி எழுவது.

இன்னொரு வேடிக்கை. கராத்தே சாமுராய்களின் கலையே அல்ல. அது ஒகினாவாவுடையது, சத்சுமா சாமுராய்கள் 1609இல் பிடித்துக்கொண்ட தீவு. அதை 1922இல் டோக்கியோவுக்குக் கொண்டுபோன ஃபுனாகோஷி கிச்சின் பள்ளி ஆசிரியர். அப்போது வயது 53. 'சீனக் கை' என்ற பொருள்கொண்ட பெயர், 1930களின் ராணுவ ஜப்பானில் 'வெறுங்கை' ஆனது. ஆளப்பட்டவனின் கலைக்கு ஆண்டவனின் தத்துவத்தை உடுத்துகிறோம்.

'அப்படியானால் சிலம்பம் ஆடுங்களேன், நம்ம கலை' என்கிறார் வாத்தியார். ஆடலாம். ஆடி மாச ஊர்வலத்தில் கம்பு சுற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன்தான் நானும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றபோது மகிழ்ந்தவன். ஆனால் சாமுராய் உட்கார்ந்திருந்த அதே பீடத்தில் 'தமிழ் வீரம்' என்று இன்னொரு ஆண்ட பரம்பரைக் கதையாடலை ஏற்றி வைப்பதானால், பீடம் அப்படியேதானே இருக்கிறது?

வகுப்புக்கு இன்னும் போகிறேன். சர்க்கரை குறைந்திருக்கிறது. தினமும் மாடியில் ஃபுனாகோஷி படத்துக்குக் குனிந்து வணங்குகிறேன். ஆனால் முழங்கால் போன அந்த மனிதரின் பெயர் என் பேரேட்டில் எங்கும் இல்லை. 'ஏற்றுகூலி, இறக்குகூலி' என்று தொகை மட்டும். உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று 1982இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 'நான் இங்கதான் வேலை பாத்தேன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க சார்' என்று அவர் என்னிடம் இரண்டு தரம் கேட்டிருக்கிறார். முதலாளிக்குப் பிடிக்காது என்று நழுவினேன். விசுவாசம்! சுனெடோமோ மெச்சியிருப்பார்.

இந்த மாசம் முதல் கூலிக்கு நேராக ஆள் பெயரையும் எழுதுகிறேன். முதலாளி இன்னும் பேரேட்டைப் புரட்டவில்லை. புரட்டுகிற அன்று தெரியும், நான் மொட்டைமாடியில் என்ன கற்றேன் என்று.