வலப்பக்க ஜன்னல்

கொடகவெலவில் ரயில் இல்லை. ஓப்பநாயக்க வரை ஓடிய களனிவெளி ரயிலும் 1976இல் நின்றுபோனது. பெல்மதுளை, இரத்தினபுரி வழியாகப் பஸ்ஸில் வந்து புறக்கோட்டையில் இறங்குபவருக்குக் கோட்டை ரயில் நிலையம் நடை தூரம்தான்.

தெற்கே போகும் ரயிலில் வலப்பக்கம் இடம் பிடிக்க வேண்டும்.

கொம்பனித்தெரு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை அலைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கருங்கல் வரிசை மட்டுமே. உப்புக்காற்று இரும்பை ஓயாமல் அரிக்கிறது. பம்பலப்பிட்டியில் இறங்கிக் காலி வீதிக்கு நடந்தால் கதிரேசன் கோவில். அடுத்த நிலையமான வெள்ளவத்தையில் சேலைக் கடை, தோசைக் கடை, தமிழ்ப் புத்தகக் கடை என்று பொழுது போய்விடும். கல்கிசையில் ஆளுநர் மெயிட்லண்டின் பழைய மாளிகை இன்று ஹோட்டல். மொரட்டுவையில் மரத்தூள் வாசம்: கட்டில், அலுமாரிக்குப் பேர்போன தச்சர்களின் ஊர் அது.

அங்கிருந்து நகரம் மெல்லத் தளர்ந்து, தென்னையும் வீட்டுக் கொல்லைகளும் தொடங்குகின்றன. களுத்துறைப் பாலத்தில் ரயில் கடக்கும் களு கங்கை, இரத்தினபுரியைத் தொட்டு வந்த அதே ஆறு.

1895இல் மாத்தறையை எட்டிய இப்பாதை 2019இல் பெலியத்த வரை நீண்டது. வேலை நாளில் காலையும் மாலையும் வாசற்படியில்கூட இடமிராது. ஊர் பார்க்க முற்பகலே தோது.