கமராவின் கண்ணும் உழைப்பின் நிலமும்

புகைப்படக்கலை மனிதனை இயற்கையோடு நெருங்கச் செய்கிறது என்ற கூற்று இன்று பரவலாக வழங்குகிறது. கமரா ஏந்தியவன் நின்று பார்க்கிறான். நின்று பார்ப்பவன் நேசிக்கத் தொடங்குகிறான். நேசிப்பவன் காக்க முற்படுகிறான் என்று அதற்குக் காரணமும் காட்டப்படுகிறது. இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அது முழு உண்மையாகுமா? பேனா பிடித்தவரெல்லாம் மக்களை நேசித்துவிடுவதில்லை என்பதை இலக்கியத் துறையில் நாம் நன்கறிவோம். கமராவுக்கு மட்டும் அத்தகைய மந்திரசக்தி எங்கிருந்து வந்தது? எவர் கையில், எவ்வளவு காலம், எதை உள்ளடக்கி எதை ஒதுக்கி அக்கருவி இயங்குகிறது என்ற வினாக்களை எழுப்பாமல் அதன் பயனை மதிப்பிடுதல் இயலாது.

எமது நாட்டு வரலாறே இதற்குச் சான்று பகர்கின்றது. புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே மறைந்தவர். களுத்துறையில் அவரைக் காணவந்த ஓவியர் மரியான் நோர்த்தை அவர் படமெடுத்தார். அப்பெண்மணியின் பெயர் படத்தோடு நிலைத்தது. அதே கமராவின் முன் நின்ற உழைப்பாளிகளின் படமோ 'களுத்துறைக் குடியானவர் கூட்டம்' என்ற தலைப்போடு நின்றுவிட்டது. 1890இல் கொழும்பில் தொடங்கப்பெற்ற பிளேட் நிறுவனமும் அது போன்ற பிறவும் இந்நாட்டுக் காட்சிகளை அஞ்சலட்டைகளாக்கி விற்றன. கடலும் தென்னையும், அவற்றிடையே பெயரற்ற மனிதரும், கப்பலேறும் வெள்ளைப் பயணியின் நினைவுப் பொருள்களாயினர். அங்கே கமரா நெருக்கத்தை வளர்க்கவில்லை, தூரத்தையே உறுதிப்படுத்தியது.

அந்நியரை மட்டும் குறைகூறுவது நேர்மையன்று. எமது பாட்டன்மாரும் பாட்டிமாரும் ஸ்ரூடியோக்களில் எடுத்துக்கொண்ட படங்களைப் பாருங்கள். அவர்களுக்குப் பின்னே தொங்கும் திரைச்சீலையில் அந்நியத் தூண்களும் படிக்கட்டுகளும் பூங்காக்களும் தீட்டப்பட்டிருக்கும். வாசலுக்கு வெளியே பனை நின்றது. படத்துக்குள் நுழைய அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆளவந்தோரின் பூங்காவே அழகு, சொந்த நிலம் அழகற்றது என்ற எண்ணத்தின் அடையாளமன்றோ அத்திரைச்சீலை!

இம்மனப்பான்மையை உடைத்த தமிழர் ஒருவரை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். அவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர், 1912இல் பிறந்தவர். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 தொடக்கம் 1996இல் தாம் மறையும்வரை நாட்டுப்புறத்து உயிரினங்களைப் பற்றி இடைவிடாது எழுதினார். தமிழிலும் அவர் எழுதியவை உண்டு. 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் அவற்றை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்தளித்திருக்கின்றார். எழுத்தைப் போலவே புகைப்படமும் அவர் வாழ்க்கைப் பணியாக விளங்கியது. பல பாகங்களைத் தாமே பொருத்தி அமைத்த பெரிய கமராவொன்றைச் சுமந்துகொண்டு அவர் காடுகளில் அலைந்தார். வர்ணப் படச்சுருள் எங்கும் பரவிய பின்னரும் கறுப்பு வெள்ளையையே கைக்கொண்டார்.

இதனைப் பிடிவாதமென்று தள்ளிவிடலாகாது. வர்ணம் நீங்கிய இடத்தில் யானைத்தோலின் சுருக்கமும் மரப்பட்டையின் வெடிப்பும் நிழலின் ஆழமும் பேசத் தொடங்குகின்றன. கண்ணைப் பறிக்கும் பகட்டு ஒழிய, கண் ஊன்றிப் பார்க்க வேண்டிய கட்டாயம் உண்டாகின்றது. அன்றியும், அவர் யானையையும் புலியையும் மட்டுமே தேடிச் சென்றவரல்லர். அணிலும் காகமும் பல்லியும் அவர் எழுத்தில் மதிப்புக்குரிய அயலவராகின்றன. அரியதைக் கண்டு வியப்பவன் பயணி. அன்றாடம் காண்பதை மீண்டும் கண்டு புதிதாய் அறிபவனே அந்நிலத்துக்கு உரியவன். கிருஷ்ணனின் பணி உணர்த்தும் முதற் பாடம் இதுவே. கமரா அவரை நிலத்தோடு பிணைத்ததென்றால், அதற்குக் காரணம் கமரா அன்று. ஆண்டாண்டாக அவர் காத்திருந்ததும், பெயரறிந்து பார்த்ததுமேயாம்.

உரும்பிராயிலிருந்து நோக்குவோர்க்குக் கிருஷ்ணன் நடந்த காடுகள் வெகு தொலைவு. இங்கே மலையுமில்லை, வற்றாத ஆறுமில்லை, யானையுமில்லை. செம்மண்ணும் சுண்ணக்கல்லும் கிணறும் பனையும் வேலியுமே எமது இயற்கை. ஆனால் அவர் காட்டிய வழியில் நின்று பார்த்தால் இவ்வெளிய நிலமும் விரியக் காண்கின்றோம். பனையோலையின் அடிப்புறத்தில் மென்னிறகுகளை எச்சிலால் ஒட்டிக் கூடமைக்கின்றது பனை உழவாரன். வேலியோரம் பதுங்கி நடக்கின்றது செண்பகம். கூட்டமாய் மண்கிளறி இரைதேடுகின்றது புலுனி. இவற்றைப் படமெடுக்க முனையும் மாணவன் ஒரு மணிநேரமாவது அசையாதிருக்கப் பழகவேண்டும். அப்பழக்கமே ஒரு கல்வியென்பதில் ஐயமில்லை.

ஆயினும் கிருஷ்ணனோடு நாம் இவ்வளவு தூரமே உடன்செல்ல இயலும். மனிதத் தலையீடின்றிக் காட்டைக் காத்தலே அவர் கொள்கை. அவருடைய காட்டுப் படங்களில் மனிதர் பெரும்பாலும் இல்லை. அழிந்துகொண்டிருந்த பெருங்காடுகளைக் கண்முன் கண்ட ஒருவருக்கு அக்கொள்கை இயல்பானதே. ஆனால் மனிதனை நீக்கிய பின் எஞ்சுவதே இயற்கை என்ற பார்வை எல்லா நிலத்துக்கும் பொருந்துமா? அவர் நன்கறிந்திருந்த வேடந்தாங்கலே இதற்கு விடை கூறுகின்றது. அங்கே ஏரியின் நீர்ப்பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் உழவர்கள். பறவைகளின் எச்சம் கலந்த நீர் அவர்களுடைய வயலுக்கு உரமாயிற்று. பறவைகளைச் சுடலாகாது என்ற உரிமையை 1798இல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் அவ்வூரார் எழுதி வாங்கினர் என்பது வரலாறு. உழைப்பும் இயற்கையும் அங்கே பகைவரல்ல. ஒன்றையொன்று வாழ்வித்த துணைவர்.

எமது செம்மண்ணின் கதையும் அத்தகையதே. தோட்டத்து மண் தானாக வளம் பெற்றதன்று. பூவரசங் குழையை வெட்டித் தாழ்த்தியும் ஆடுமாடுகளைப் பட்டியடைத்தும் தலைமுறைகள் அதனை வளப்படுத்தின. சுண்ணக்கல்லைக் கையால் உடைத்துக் கிணறு தோண்டினர். இயந்திரம் வருமுன் ஒருவர் துலாவில் ஏறி மிதிக்க, மற்றொருவர் பட்டை பிடிக்க, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நீர் பாய்ந்தது. இங்கே இயற்கையைப் படமெடுத்தல் என்பது உழைப்பைப் படமெடுத்தலேயாகும். ஏறுபவனை நீக்கி மாலைச் செவ்வானத்தில் பனையை மட்டும் நிறுத்தும் படம் பாதி உண்மை. பாதி உண்மை பல வேளைகளில் முழுப் பொய்யிலும் கேடானது.

தமிழிலக்கணம் கற்றோர்க்கு இது புதிதாகத் தோன்றலாகாது. நிலத்தின் கருப்பொருள்களைத் தொகுத்த தொல்காப்பியர் மாவையும் மரத்தையும் புள்ளையும் கூறிய அதே வரிசையில் அந்நிலத்து மக்களின் தொழிலையும் சேர்த்தே வைத்தார். பறவையும் உழைப்பும் ஒரே நிலத்தின் உறுப்புகள் என்ற இத்தெளிவை, கமரா ஏந்திய நாம் இழந்துவிடுவதா?

எமது மாணவர் சிலரிடம் ஒரு சிறு பயிற்சியை ஒப்படைத்தோம். வீட்டாரின் கைத்தொலைபேசியைக் கொண்டு, பத்து வாரங்கள், வாரமொருமுறை, ஒரே இடத்தை ஒரே நேரத்தில் படமெடுக்க வேண்டும். படத்தின் கீழ் ஐந்து வரி எழுதவேண்டும். முதல் வாரங்களில் வந்தவை நாட்காட்டிப் படங்களே. பின்னர் மாற்றம் தெரிந்தது. ஒரு மாணவி தன் வீட்டுக் கிணற்றின் உட்சுவரில் நீர் இறங்கிய கோடுகளை எடுத்தாள். எந்த மாதத்தில் எந்தக் கோடு என்று பாட்டியிடம் கேட்டு எழுதினாள். மற்றொரு மாணவன் ஒரு பனையையே பத்து வாரமும் எடுத்தான். எட்டாம் வாரப் படத்தின் கீழ், இது என் பாட்டனார் ஏறிய பனை என்று எழுதினான். தன் பாட்டனின் தொழிலை அதுவரை அவன் வகுப்பில் வாய்திறந்து சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்பது யாழ்ப்பாணத்தாருக்கு விளக்க வேண்டியதொன்றன்று.

கிணற்றடியை அழகுக் காட்சியாக மட்டும் காண்போர் இதனைச் சிந்தித்தல் நன்று. அக்கிணற்றில் யார் அள்ளலாம், யார் எட்டநின்று பிறர் ஊற்றுவதை ஏந்த வேண்டும் என்று சாதி வகுத்திருந்த மண் இது. அக்கொடுமைக்கெதிராக 1966 ஒக்ரோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பொலிஸாரின் தாக்குதலுக்குள்ளானது. நிலத்தோடு 'தனிப்பட்ட உறவு' என்று பேசுவோர், அவ்வுறவு எல்லார்க்கும் சமமாய் வழங்கப்பட்டதா என்றும் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

கமராவின் எல்லையையும் கிணறே காட்டுகின்றது. 2010களின் நடுப்பகுதியில் சுன்னாகச் சுற்றுப்புறத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பெரும் பிரச்சினையாயிற்று. அனல் மின்நிலையம் ஒன்றினால் நேர்ந்த அம்மாசுக்கு 2019இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. எண்ணெய்ப் படலம் கண்ணுக்குத் தெரியும், கமராவுக்கும் தெரியும். ஆனால் அளவுமீறிய செயற்கை உரத்திலிருந்து நிலத்தடி நீரில் இறங்கும் நைத்திரேற்று எப்படத்திலும் தெரியாது. அந்நீர் பளிங்குபோல் அழகாகவே படத்தில் விழும். ஆகவே படத்தோடு அளவீடும் சொல்லும் சேர்ந்தாலன்றி அறிவு நிறைவுறாது.

பிறிதொரு சாராரும் உளர். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டு வெளியேறினர். அந்நாளிலும் அதற்கு முன்னும் பின்னும் பிரிந்து கடல்கடந்தோர், கிணற்றடியையும் முற்றத்து மாமரத்தையும் படமெடுத்து அனுப்புமாறு உறவினரைக் கேட்கின்றனர். அவ்வேக்கத்தை எள்ளி நகையாட எமக்கு மனமில்லை. எனினும் அவர்கள் வேண்டுவது அன்றைய கிணறு. நீரிறைக்கும் இயந்திரமும் பிளாஸ்ரிக் குழாயும், இன்று அத்தோட்டத்தில் கூலிக்குக் களை பிடுங்கும் பெண்ணும் படத்தின் விளிம்புக்கு வெளியே தள்ளப்படுகின்றனர். நினைவு இனியதுதான், ஆனால் நிகழ்காலத்தை வெட்டியெறிந்து பெறும் இனிமை, அந்நிலத்தில் இன்று வாழ்வோரைப் பழைய திரைச்சீலையின் முன் மீண்டும் நிறுத்துவதேயாம்.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது அரிதன்று. ஒவ்வொரு படத்தின் கீழும் மாதமும் இடமும் எழுதப்படட்டும். மரத்தின் பெயரும் பறவையின் பெயரும் எழுதப்படட்டும். அவர்கள் இசைந்தால், அங்கே உழைத்தவரின் பெயரும் எழுதப்படட்டும். பத்து ஆண்டுகளுக்கு அவ்வாறு சேர்ந்தால், ஊரின் நீரும் மண்ணும் உழைப்பும் அடைந்த மாற்றத்தை எடுத்துரைக்கும் ஆவணம் அப்பாடசாலையிடம் இருக்கும். கிணற்று நீரைப் பற்றி அதிகாரிகளிடம் வாதாடும் நாளில் அதற்குப் பயன் உண்டு.