தொழில் இருக்கிறது, பெயர் எங்கே?

ஆங்கிலத்தில் 'மங்கர்' என்று முடியும் பழைய சொற்கள் ஒரு கூட்டம் உண்டு. மீன் விற்பவர் ஃபிஷ்மங்கர். இரும்புச் சாமான் விற்பவர் அயர்ன்மங்கர். காஸ்டர்ட் என்ற ஆப்பிளை விற்றவர் காஸ்டர்மங்கர். பிறகு தெருவில் காய்கனி விற்ற எல்லாருக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. மங்கர் என்றால் வணிகர், அவ்வளவுதான். ஆனால் இன்று அந்த ஈறு அதிகம் காதில் விழுவது திட்டும்போதுதான்: போரைத் தூண்டினால் வார்மங்கர், பீதியைக் கிளப்பினால் ஸ்கேர்மங்கர். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், பொலோனியஸை மட்டம் தட்ட எடுக்கும் சொல்லும் ஃபிஷ்மங்கர்தான்.

இதற்குத் தமிழில் நேர் இணை 'வாணிகன்'. மதுரைப் பக்கம் அழகர்மலைக் குகையில் இருக்கும் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளில் உப்பு வணிகன், கொழு வணிகன் எல்லாரும் வருகிறார்கள். கொழு என்பது கலப்பையின் இரும்பு முனை. ஆக, நம் ஊர் அயர்ன்மங்கருக்கு வயது ஏறக்குறைய 2000.

சங்கப் புலவர் பட்டியலுக்கு வாருங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒருவர். அறுவை என்றால் துணி. கூலவாணிகன் சாத்தனார் தானிய வியாபாரி. மணிமேகலை அவர் பெயரில்தான் இருக்கிறது. இந்தப் பெயர்களின் கடைசி எழுத்துகளைக் கவனியுங்கள். தொழிலுக்கு 'ன்', ஆளுக்கு 'ஆர்'. துணி விற்கிறவர் என்பதை மறைக்கவும் இல்லை, அதனால் மரியாதையைக் குறைக்கவும் இல்லை. மரியாதை பெயரில் போய் உட்கார்ந்துகொண்டது.

இப்போது தேக்காவுக்கு வருவோம். இங்கே ஈறு 'காரர்'. மீன்காரர், பூக்காரம்மா, கறிக்கடைக்காரர். இந்த ஈற்றில் கேவலம் ஒன்றும் இல்லை. பணக்காரரும் வீட்டுக்காரரும் இதே ஈறுதானே. பேச்சில் 'என்ன அண்ணே' என்று உறவும் கூட வந்துவிடும். சிக்கல் எழுத்தில். இங்கே எழுதப்படும் சிறுகதைகளில் நான் அடிக்கடி பார்ப்பது இது: அலுவலகம் போகிறவருக்குப் பெயர், கவலை, பழைய காதல் எல்லாம் உண்டு. அவர் கடந்து போகும் ஆள் மட்டும் 'பூக்காரி', 'பங்களாதேஷ்காரன்'. கதை முடியும்வரை அப்படியேதான். என் தொழிலுக்கு 'ஆளர்' கிடைத்திருக்கிறது, பொறியாளர். அதே கட்டுமானத் தளத்தில் கம்பி கட்டுபவருக்கு 'காரன்'.

செய்தித்தமிழ் இதைச் சரிசெய்யத்தான் பார்த்தது. வேலைக்காரி போய்ப் பணிப்பெண் வந்தார். வெளிநாட்டு ஊழியர் வந்தார். நல்ல மாற்றம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஈற்றை மாற்றினால் போதும் என்று ஒரு கதாசிரியர் நினைத்துவிட முடியாது. பெயரில்லாத ஊழியர், பெயரில்லாத வேலைக்காரரைவிட ஒரு படி மேல், அவ்வளவே. நாளைக்கு 'ஊழியர்' என்ற சொல்லும் மங்கர் மாதிரி கறைபடலாம். சமூகம் ஒரு தொழிலைத் தாழ்வாகப் பார்க்கும்வரை எந்தப் புதுச் சொல்லும் கொஞ்ச காலம்தான் தாக்குப்பிடிக்கும்.

அதனால்தான் இளவேட்டனார் எனக்கு முக்கியமாகப் படுகிறார். தொழிலையும் சொல், பெயரையும் சொல் என்கிறது அந்தப் பழைய வழக்கம். சிங்கப்பூரில் 2014ல் வெளிநாட்டு ஊழியர்களுக்கான கவிதைப் போட்டி தொடங்கியபோது, பங்களாதேஷிலிருந்து வந்த கட்டுமான ஊழியர் ஜாகிர் ஹுசைன் கோகன் முதல் பரிசு பெற்றார். தொழிலும் பெயரும் அடுத்தடுத்து நிற்கும் அந்த வரிசையைப் பாருங்கள். அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பதும் இதே அமைப்புதான். அவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள். நம் கதைகளில்தான் அவர்கள் இன்னும் ஒரு ஈறாக நிற்கிறார்கள்.