நந்தனுக்கு நெருப்பு, கிந்தனுக்கு ரயில்

நந்தன் கதையைச் சொல்லிச் சொல்லியே நம்மை அழவைத்த கலை கதாகாலட்சேபம். கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனையில் பிராமண ஆண்டையிடம் நந்தன் உத்தரவு கேட்டுக் கிடப்பான். கடைசியில் தீயில் இறங்க வேண்டும். 1942இல் ஜெமினியின் ‘நந்தனார்’ படத்தில் தண்டபாணி தேசிகர் இதையே உருகி உருகிப் பாடினார். ஏழு வருசம் கழித்து, அண்ணா எழுதி கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய ‘நல்லதம்பி’யில் என்.எஸ். கிருஷ்ணன் பாகவதராக வந்து ‘கிந்தனார்’ காலட்சேபம் பண்ணினார். கிந்தன் சிதம்பரம் போகவில்லை. பட்டணத்துக்குப் படிக்கப் போனான், அதிகாரியாகத் திரும்பினான்.

இந்தப் பழைய பாட்டும் சிரிப்புமான படங்களைப் பார்த்து ‘அது வெள்ளந்தியான காலம்’ என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. யாருக்கு வெள்ளந்தி? ‘சபாபதி’யில் (1941) வேலைக்காரன் அசடு. எஜமானும் அசடுதான், ஆனா அவனுக்குச் சொத்து இருக்கு. பெரும்பாலும் சிரிப்பு கீழ்நோக்கித்தான் பாய்ந்தது. கிந்தனாரில் அது மேலே பாய்கிறது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட லயத்தில், மழையால் வேலை நின்ற ஒரு மத்தியானம், செல்போனில் இதைப் போட்டுக் காட்டினேன். பாகவதர் ராகத்தை இழுத்ததுமே பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நந்தன் கூத்துக்கு அழுதிருக்கோம்யா, இவன் நல்லா நக்கல் பண்றான்” என்றாள் ஒரு பாட்டி. அவளுக்குப் பழைய காலத்து ஏக்கம் ஒன்றுமில்லை. கோயில் வாசலில் நம்மை நிறுத்திய அதே ராகம் அங்கே அவமானப்படுகிறது, அதுதான் ருசி. ‘நல்லதம்பி’யின் மதுவிலக்குப் பிரச்சாரம் இன்று அலுப்பாக இருக்கிறது, தள்ளிவிட்டுப் பார்க்கலாம்.

ஆனால் ரயில் பாட்டை அப்படியே விட முடியாது. பார்ப்பனரையும் பள்ளர் பறையரையும் ஒன்றாக ஏற்றிச் சாதியை ஒழித்ததாக ரயிலைப் புகழ்கிறது அது. மதுரையிலிருந்து போடிக்கு 1928இலேயே ரயில் வந்துவிட்டது. 1989 செப்டம்பரில் சாதிக் கலவரத்தில் நம் சனங்கள் செத்தபோது அந்தப் பாதை உயிரோடுதான் இருந்தது. ஒரே பெட்டியில் வந்தவர்கள் இறங்கி அவரவர் தெருவுக்குப் போனார்கள். 2010இல் அகலப்பாதைக்காக நிறுத்தி, 2023இல் திரும்ப விட்டிருக்கிறார்கள். தெரு அங்கேயேதான் இருக்கிறது.

சீர்திருத்தக்காரர்களின் சிரிப்புக்கு இந்த எல்லை உண்டு. அவர்கள் ஒருத்தனைத்தான் ரயிலேற்றுகிறார்கள். அவன் ஜெயித்தால் கதை முடிந்தது. சேரிக்கு நிலமில்லை, கூலி உயரவில்லை. கிந்தனுக்குத் தங்கச்சி இருந்தா அவளுக்கு யாரு டிக்கெட் எடுப்பான்னு லயத்தில் ஒருத்தி கேட்டாள். படத்தில் அந்தப் பேச்சே இல்லை.