ஒலிநாடாக் காலமும் மருதமுனையின் செவியும்

இசை அபிமானிகளிடையே ஒரு வழக்கம் உண்டு. பத்தாண்டு ஒன்று கழிந்ததும், அக்காலத்தில் வெளிவந்த இசைத் தொகுப்புகளுள் தமக்கு உவந்தவற்றைத் தேர்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்திவிடுவார்கள். இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. தாம் விரும்பியதைச் சொல்லும் ஒருவர், தம் சுவையை மட்டுமன்றித் தாம் வாழ்ந்த காலத்தையும், தாம் நிற்கும் இடத்தையும், தம் கைக்கு எட்டிய பொருள்களையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். ஆகவே, கவிதையையும் கதையையும் போலவே இத்தகைய பட்டியலையும் நாம் விமர்சனத்துக்கு உட்படுத்தலாம், உட்படுத்தவும் வேண்டும்.

1980களை எடுத்துக்கொள்வோம். இசைத்தட்டு மெல்ல ஓய்ந்து, ஒலிநாடா அரசு செலுத்திய பத்தாண்டு அது. இடமாக மருதமுனையைக் கொள்வோம். கல்முனைக்கு வடக்கே, கடலோரத்தில், கைத்தறி நெசவுக்குப் பெயர்போன, தமிழ் பேசும் முஸ்லிம்களின் ஊர் அது. புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீனையும், மருதூர்க் கொத்தன், மருதூர்க்கனி போன்ற எழுத்தாளர்களையும் நமக்குத் தந்த ஊர். சென்னையில் இருந்துகொண்டு போடும் பட்டியலும் இவ்வூரில் இருந்துகொண்டு போடும் பட்டியலும் ஒன்றாக இருத்தல் இயலாது. ஏன் இயலாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில், ஒலிநாடா இக்கரைக்கு வந்த வழியைக் காண்போம். 1977இல் இலங்கையில் திறந்த பொருளாதாரம் புகுத்தப்பட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளின் நிழலில் உயிர்வாழ்ந்த உள்ளூர்க் கைத்தறி, வெளிநாட்டுத் துணியின் வெள்ளத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தள்ளாடியது. அதே காலத்தில் வளைகுடா நாடுகளின் வேலைவாய்ப்பு திறந்தது. கிழக்கிலங்கையிலிருந்து கடல் கடந்து உழைக்கச் சென்றவர்கள் விடுமுறைக்குத் திரும்பியபோது, அவர்கள் பெட்டிகளோடு ஒலிப்பதிவுக் கருவியும் வந்திறங்கியது. தறியில் ஓடிய நாடா தளர்ந்த நாட்களிலேதான் பெட்டிக்குள் ஓடும் நாடா சுழலத் தொடங்கியது. இவ்விரண்டும் வெவ்வேறு கதைகள் அல்ல. ஒரே பொருளாதார மாற்றத்தின் இரு முகங்கள். இதை மறந்துவிட்டு அப்பத்தாண்டின் இசையை மட்டும் தனியே பிரித்துப் புகழ்வோர், மரத்தை விட்டு நிழலை அளப்பவர்களாவர்.

அடுத்து, 'தொகுப்பு' என்பதன் பொருளையே இங்கு சற்று மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கம்பெனி வெளியிட்ட நாடாவை உறை பிரியாமல் வாங்கிக் கேட்டவர் சிலரே. பெரும்பாலோர் நாடியது 'ரெக்கோடிங் பார்' என்று வழங்கப்பட்ட சிறு கடைகளை. விரும்பிய பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிட நாடாவிலோ தொண்ணூறு நிமிட நாடாவிலோ அவற்றைப் பதிவு செய்து தருவார்கள். சினிமாப் பாட்டுக்கு அருகிலே இஸ்லாமிய கீதம், அதற்கப்பால் வேறொரு படத்தின் பாட்டு என்று அவ்வரிசை அமையும். ஐங்குறுநூற்றுக்குத் தொகுத்தவர் ஒருவரும் தொகுப்பித்தவர் ஒருவரும் உண்டு என்று பழைய குறிப்புகள் கூறும். தொகுப்பித்தவன் சேர மன்னன். 1980களில் தொகுப்பித்தவன் நெசவாளியும் மீனவனும் ஆசிரியனும் ஆனான். இசை வரலாற்றிலே இது சிறிய மாற்றமன்று. முதலாளி முத்திரையிட்ட வரிசையைக் குலைத்துத் தன் வரிசையைத் தானே அமைக்கும் உரிமை, குறுகிய எல்லைக்குள்ளேனும், எளிய மனிதனுக்குக் கிடைத்தது.

அத்தாளில் தவறாது இடம்பெற்ற பெயர் நாகூர் ஈ. எம். ஹனிபாவினுடையது (1925–2015). திராவிட இயக்க மேடைகளிலே முழங்கிப் பழகிய குரல் அது. அதனாலேயே அவர் பாடல்களில் ஒவ்வொரு சொல்லும் கூட்டத்தின் கடைசி மனிதனையும் எட்டுமாறு நிமிர்ந்து நிற்கும். சங்கீத நுணுக்கம் தேடுவோர் அவரிடம் குறை காணலாம். ஆனால் எழுத்தறியாதவரும் புரிந்துகொள்ளும் தமிழில், எவ்விதத் தயக்கமுமின்றி, ஒரு சமூகத்தின் பத்தியைப் பொதுவெளியில் ஒலிக்கச் செய்தது சாதாரணச் சாதனை அன்று. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றம் நிகழ்கிறது. பக்கீர்மார் றபான் கொட்டிப் பாடும் மரபையும் அவ்விழா அறியும். நாகூருக்கும் இக்கரைக்கும் இடையே இருந்த அந்தப் பழைய உறவின் மேலேதான் ஹனிபாவின் நாடா வந்து அமர்ந்தது. வேரற்ற இறக்குமதிச் சரக்கு அல்ல அது.

சினிமாப் பக்கம் திரும்பினால், அப்பத்தாண்டு இளையராஜாவின் பத்தாண்டு என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. அவர் படைப்புகளுள் விவாதத்துக்கு மிக உகந்தது 1985இல் கே. பாலசந்தர் இயக்கிய 'சிந்து பைரவி'. கர்நாடக இசை வித்துவான் ஒருவரை நோக்கி, பாமர மக்களுக்கு விளங்கும் தமிழில் ஏன் பாடலாகாது என்று ஒரு பெண் சபையிலே எழுந்து கேட்கிறாள். இக்கேள்வியை இலட்சக்கணக்கானோரின் செவிக்குக் கொண்டுசென்றது அப்படத்தின் பெருமை. இசைக்காக இளையராஜாவும், பாடியதற்காகச் சித்ராவும் தேசிய விருது பெற்றனர்.

ஆயினும் அப்பெருமைக்குள்ளே ஒரு தயக்கமும் மறைந்திருக்கிறது. கதாநாயகி பாடும் நாட்டுப் பாட்டு இறுதியில் தியாகராசரின் கீர்த்தனையொன்றுடன் சென்று கலக்கிறது. வழக்கமாகக் காம்போதியில் பாடப்படும் அக்கீர்த்தனையை இளையராஜா சாரமதியில் அமைத்தார். இரண்டும் ஒரே இராகத்தின் பிள்ளைகள் என்று காட்டியது உயர்ந்த கலை, ஐயமில்லை. ஆனால் நாட்டுப் பாட்டின் மதிப்பை நிலைநாட்டுவதற்கு அது சபையின் இராகத்தோடு உறவு கொண்டாட வேண்டியிருந்தது ஏன்? வயலிலே பிறந்த பாட்டுக்குச் சபா மண்டபத்தின் நற்சான்று எதற்கு? படம் எழுப்பிய கேள்வி மகத்தானது. அதற்கு அளித்த விடையோ பாதி வழியிலே நின்றுவிட்டது.

1986இல் வெளிவந்த 'ஹவ் டு நேம் இட்?' திரைப்படத்தின் துணையின்றி இளையராஜா அமைத்த வாத்திய இசை. தியாகராசருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. வி. எஸ். நரசிம்மனின் வயலின் அதில் கர்நாடக இராகங்களையும் மேனாட்டு இசையமைப்பையும் உரையாட வைக்கிறது. உலகத் தரம் என்று அதனைப் போற்றுவோர் பலர். அப்போற்றுதலில் நமக்கும் உடன்பாடே. எனினும் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். இளையராஜாவின் தமையனார் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சியின் மேடைப் பாடகர். அக்குழுவோடு ஊர் ஊராகச் சுற்றியே பண்ணைப்புரத்துச் சிறுவன் இசை பயின்றான். பாக்கின் பெயரும் தியாகராசரின் பெயரும் பொறிக்கப்பெற்ற காணிக்கையில், தெருமுனைகளில் உழைப்பாளருக்காகப் பாடித் திரிந்த அந்தத் தமையனின் பெயர் இல்லை. படைப்பாளியின் மனத்தை அளக்க நாம் முற்படவில்லை. மேன்மையின் முகவரி எங்கிருக்கிறது என்று நம் சமூகம் படைப்பாளிக்குக் கற்பித்து வைத்திருக்கிறது என்பதையே சுட்டுகிறோம்.

இப்போது பட்டியலின் வெற்றிடத்துக்கு வருவோம். இக்கரை முஸ்லிம்களிடையே 'கவி' என்றொரு வடிவம் உண்டு. நான்கடிப் பாட்டு, வாத்தியம் வேண்டாதது. வயற்காவலிலே இரவைக் கழிக்கும் உழவன் பாடுவான். மச்சானுக்கு மச்சி விடுக்கும் தூதாகவும், பிரிவின் ஏக்கமாகவும், சில வேளை கூர்மையான ஏளனமாகவும் அது உருவெடுக்கும். அதில் பெண்ணின் குரல் ஓங்கி ஒலிப்பதைக் கற்றோர் அனைவரும் கவனித்தல் வேண்டும். பொல்லடியும் உண்டு, அண்ணாவியார் பாட, ஆட்டக்காரர் கோல்களைத் தட்டி வட்டமிட்டு ஆடும் கலை. இவற்றுள் எதற்கும் ரெக்கோடிங் பாரின் தாளிலே இடமிருக்கவில்லை. கடைக்காரனிடம் மூலப் பதிவு இல்லை. பதிவு செய்யக் கம்பெனி இல்லை. விற்றால் இலாபம் இல்லை. பாடியவர்களே தம் பாட்டைப் 'பாட்டு' என்று எண்ணாதபடி செய்துவிட்டது சந்தை. தன் வரிசையைத் தானே அமைக்கும் உரிமை பெற்ற எளியவன், தன் தாயின் குரலை மட்டும் அவ்வரிசையில் சேர்க்க முடியவில்லை!

நாட்டார் பாடல்களை ஏட்டிலே பதித்த அறிஞர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். 1964இல் வெளிவந்த வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' இத்துறையில் மதிக்கத்தக்க முயற்சி. ஆனால் ஏடு சொல்லைக் காக்குமே தவிர, இழுப்பையும் குழைவையும் மூச்சையும் காப்பதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மருதமுனையின் கடலோரத்தைத் துடைத்தெறிந்தது. அன்று மறைந்தவர்களோடு எத்தனை மெட்டுகள் மறைந்தன என்று கணக்கெடுத்தவர் எவருமிலர்.

'சுவை என்பது அவரவர் உரிமை. அதில் வர்க்கத்தையும் சந்தையையும் ஏன் புகுத்துகிறீர்கள்?' என்று சிலர் கேட்கக்கூடும். சுவை உரிமையே. எவருடைய விருப்பத்தையும் பறிப்பது நம் நோக்கமன்று. சினிமாப் பாட்டு முழுவதையும் நச்சு என்று தள்ளிவிடும் நம் தோழர் சிலரின் கட்சியும் நாமல்லோம். உழைத்துக் களைத்தவனுக்கு ஆறுதலளித்த பாட்டை இகழ்வது அவனையே இகழ்வதாகும். நாம் கூறுவது இதுதான்: கேட்கக் கிடைத்தவற்றிலிருந்தே மனிதன் தேர்கிறான், கேட்கக் கிடைப்பதைத் தீர்மானிப்பதோ அவனல்ல. ஒரு பத்தாண்டின் சிறந்த தொகுப்புகளை வரிசைப்படுத்துகிறவர், பதிவே பெறாதவற்றுக்கென ஓர் இலக்கத்தை வெறுமையாக விட்டுவைப்பாராயின், அப்பட்டியல் நேர்மையுள்ள பட்டியலாகும்.

ஒலிநாடாவின் காலம் முடிந்துவிட்டது. அன்று சிலரிடம் மட்டுமே இருந்த ஒலிப்பதிவு வசதி இன்று ஒவ்வொரு மாணவனின் கைத்தொலைபேசியிலும் இருக்கிறது. இல்லையென்று சொல்லக் காரணம் எஞ்சவில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் பாடசாலை ஆசிரியர்கள், தம் மாணவர்களை ஒரு விடுமுறைக் காலத்திலே முதிய பெண்களிடம் அனுப்பி, அவர்கள் இசைவோடு, அவர்கள் குரலிலேயே கவிகளைப் பதிவு செய்விப்பார்களாயின், எந்தக் கம்பெனியும் வெளியிடாத மகத்தான தொகுப்பு உருவாகும். தறியொலிக்கிடையே வாழ்ந்த தலைமுறையினர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் பாடுவதற்கு ஆயத்தமாயிருக்கும்போதே நாம் கேட்பதற்கு ஆயத்தமாக வேண்டும்.