இயக்கவியலிற் கலைச்சொற்கள்

யாழ்ப்பாணத்திற் பௌதிகவியல் கற்கப்புகும் மாணாக்கன் தமிழ்நாட்டு நூலொன்றையும் உடன்வைத்துப் படிப்பானாயின், அவன் முதலிற் கலங்குவது நிறை என்னுஞ் சொல்லிலேயாம். 'பொருளின் நிறை 5 கிலோகிராம்' என்பது அந்நூலிற் சரியான கூற்று. இலங்கைப் பாடநூலின்படி பிழை. இங்கே கிலோகிராமில் அளக்கப்படுவது திணிவு. நிறையென்பது புவி அப்பொருளை இழுக்கும் விசை, அதன் அலகு நியூற்றன். அங்கோ முன்னது நிறை, பின்னது எடை. வேகம் என்பதும் இவ்வாறே. இங்கே திசையுடையது, அங்கே திசையற்றது.

திணிவு என்னுஞ் சொல்லுக்கு நியூற்றனே சான்றாவார். 1687 இல் வெளிவந்த பிரின்சிப்பியாவின் முதல் வரைவிலக்கணத்திற் சடப்பொருளின் அளவை அடர்த்தியும் கனவளவும் சேர்ந்து தருமென அவர் கூறினார். திணிந்திருத்தல் என்னுங் கருத்து அதனோடு நன்கியையும். அடர்த்தியை வரையறுக்கவே திணிவு வேண்டுமன்றோ என 1883 இல் ஏர்ணஸ்ற் மாக் எழுப்பிய தடை இச்சொல்லையுஞ் சாரும் என்பது வேறு.

தமிழ்நாட்டு வழக்கையும் எளிதில் தள்ளுதல் இயலாது. நிறை, நிறுத்தலோடு உறவுடைய சொல். திருநெல்வேலிச் சந்தையில் தட்டுத்தராசில் வெங்காயம் நிறுப்பவன் அதனைப் படிக்கல்லோடு ஒப்பிடுகின்றான். அத்தராசைச் சந்திரனுக்குக் கொண்டுசெல்லின், ஈர்ப்பு ஏறக்குறைய ஆறிலொன்றாகக் குறையினும் தட்டுகள் சமனாகவே நிற்கும். விற்றராசே குறைத்துக் காட்டும். ஆகவே, தட்டுத்தராசு நிறுத்துத் தருவது உண்மையிற் திணிவே. எனினும் அன்றாட வழக்கின் பிற பொருள்கள் ஒட்டாத திணிவே தொடக்க மாணாக்கனுக்கு ஏற்றது.

ஆர்முடுகலில் இலங்கை வழக்கு அத்துணைச் சிறந்ததன்று. விரைவு கூடின் ஆர்முடுகல், குறையின் அமர்முடுகல் எனப் பிரித்தமையால் இவை வெவ்வேறு பொருள்களோ என்னும் மயக்கம் எழுகின்றது. பனையினின்று வீழும் பழம், காற்றின் தடையை நீக்கிப் பார்ப்பின், 2 செக்கனில் 19.6 மீற்றர் இறங்கும். ஒவ்வொரு செக்கனிலும் அதன் வேகம் செக்கனுக்கு 9.8 மீற்றர் கூடும். மேனோக்கி எறியப்பட்ட கல்லுக்கும் அதே அளவு, அதே கீழ்த்திசை. ஏறும்போதும் இறங்கும்போதும் மாறாத ஒன்றுக்கு இரு பெயர்! உச்சியில் வேகம் பூச்சியமாதலின் ஆர்முடுகலும் பூச்சியமென எழுதுவோர் பலர். தமிழ்நாட்டார் முடுக்கம், எதிர்முடுக்கம் என்பர். திசையே மாறுபடுகின்றது என்பதை 'எதிர்' என்னும் அடையே காட்டிவிடும்.

கயிற்றிற் கட்டிச் சீரான கதியிற் சுழற்றப்படுங் கல்லோ கதி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆயினும் மையத்தை நோக்கிய ஆர்முடுகல் அதற்குக் கணந்தோறும் உண்டு.