பருவத்துக்குக் காத்திருக்கும் அடுப்பு

வசந்தம் வந்துவிட்டால் இங்கிலாந்துத் தோட்டங்கள் காய்கறியால் நிறைந்துவிடும் என்றுதான் நினைக்கத் தோன்றும். நிலைமை நேர்மாறானது. குளிர்காலத்து முட்டைக்கோஸும் லீக்கும் முற்றிப் பூத்துவிடும். புதிதாக விதைத்தது எதுவும் பறிக்கும் பதத்துக்கு வந்திருக்காது. ஏப்ரல், மே மாதங்களின் அந்தப் பஞ்சத்தில் வேலியோரம் தளதளவென்று நிற்பது, தொட்டால் அரிக்கும் நெட்டில் செடிதான். கையுறை போட்டுக் கொழுந்தைக் கிள்ளி, அலசிக் கொதிக்கவைத்தால் சுணை அடங்கிவிடும். கடைந்தால் பச்சைப்பசேலென்று ஒரு சூப்.

இருப்பதை வைத்துச் சமைக்கும் இந்தப் புத்தியைப் பெரும் ரசனையாக வளர்த்தது, சேனல் 4 ஒளிபரப்பிய 'ரிவர் காட்டேஜ்'. ஹ்யூ ஃபெர்ன்லி-விட்டிங்ஸ்டால் டார்செட் கிராமப்புறத்தில் ஒரு சிறு வீட்டில் குடியேறிக் காய்கறி பயிரிட்டார், பன்றி வளர்த்தார், மீன் பிடித்தார். தொடர் தொடங்கிய ஆண்டு 1999. மாட்டுப் பித்து நோய் மனிதருக்கும் பரவக்கூடும் என்று பிரிட்டன் அரசு 1996இல் ஒப்புக்கொண்டதிலிருந்து, தட்டில் இருக்கும் இறைச்சி எங்கிருந்து வந்தது என்று அந்த நாடே கலங்கியிருந்த காலம் அது.

இந்த வகை நிகழ்ச்சிகளின் வேர்கள் பழையவை. 1975இல் பிபிசியின் 'தி குட் லைஃப்', வேலையை உதறிவிட்டுப் புறநகர் வீட்டின் புல்வெளியை உழுத தம்பதியை நகைச்சுவையாகக் காட்டியது. மறு ஆண்டே ஜான் சீமோரின் தற்சார்பு வாழ்க்கைக் கையேடு வெளிவந்தது. 1987இன் 'விக்டோரியன் கிச்சன் கார்டன்' இன்னும் ஆழமானது: மதில் சூழ்ந்த பழைய தோட்டம் ஒன்றை ஹாரி டாட்சன் என்ற முதிய தோட்டக்காரர் மறுபடி பயிராக்குவதை மாதவாரியாகக் காட்டியது.

ரிவர் காட்டேஜின் தனிச்சிறப்பு, சாவை மறைக்காத அதன் நேர்மை. 2004இல் வந்த அதன் இறைச்சி நூல், ஹ்யூ தன் மாடுகளை வெட்டுக்கூடத்துக்குக் கொண்டுபோகும் படங்களோடு தொடங்குகிறது. 2008இல் 'சிக்கன் ரன்' தொடருக்காக அவர் தாமே ஒரு கொட்டகை போட்டு, தொழிற்சாலை முறையில் கோழி வளர்த்தார். குஞ்சு பொரித்து ஆறு வாரம்கூட ஆவதற்குள் கறிக்குத் தயாராகும் உடம்பு. அந்தப் பாரத்தைத் தாங்க முடியாத கால்கள். நடக்க முடியாதவற்றை அவரே கொல்ல வேண்டியிருந்தது. கேமரா முன்னால் அவர் உடைந்து அழுதார். சமையல் நிகழ்ச்சிகளில் நான் பார்த்தவற்றில் மறக்க முடியாத காட்சி அது. பத்து சமையல் குறிப்புகளைவிட அந்த ஒரு காட்சி பார்ப்பவருக்கு அதிகம் சொல்லும்.

ஆனால் பணக் கணக்கில் ரிவர் காட்டேஜ் மௌனமாகிவிடுகிறது. தொலைக்காட்சி வருமானமும் நூல் விற்பனையும் இல்லாத ஒரு குடும்பம் அதே நிலத்தில் எப்படிப் பிழைக்கும்? களை எடுத்த கைகள் எத்தனை? கேட்டே ஆகவேண்டிய கேள்விகள் இவை. அழகான பின்னணி இசையில் உழைப்பு கரைந்துபோவது இந்த வகை முழுவதையும் பிடித்திருக்கும் குறை.

உழைப்பைக் கணக்கில் வைத்தது, எதிர்பாராத இடத்திலிருந்து வந்த ஒரு தொடர். தென் கொரியாவின் டிவிஎன் தொலைக்காட்சி 2014இல் தொடங்கிய 'மூன்று வேளைச் சோறு'. நா யங்-சக் தயாரிப்பில், நகரத்து நடிகர்கள் கங்வொன் மாகாணத்து மலைக்கிராமமான ஜொங்சொனில் தங்கி, தோட்டத்தில் விளைந்ததை விறகடுப்பில் தாங்களே சமைக்க வேண்டும். இறைச்சி வேண்டுமென்றால் கடன். அந்தக் கடனைச் சோளக் கதிர் அறுத்துத் தீர்க்க வேண்டும். விளையாட்டு விதிதான். ஆனாலும் ஒரு கவளம் கறிக்கு எத்தனை கதிர் என்பது திரையிலேயே தெரிந்துவிடுகிறது. அடுப்பு பற்றவே பாதிப் பொழுது போகிறது. ஒரு வேளை முடிவதற்குள் அடுத்த வேளை வந்து நிற்கிறது. வீட்டில் நாள்தோறும் அடுப்படியில் நிற்பவர்களுக்கு இது புதிய செய்தியே இல்லை.

இந்த வகையைப் புதிதாகப் பார்க்கப்போகிறவர்கள் ஹாரி டாட்சனின் தோட்டத்திலிருந்து தொடங்குங்கள். அதில் சமையலைவிட மண்ணும் கண்ணாடி வீடும் எருவும்தான் அதிகம். ஒரே மூச்சில் பார்த்து முடித்துவிடாமல், மாதத்துக்கு ஒரு பகுதியாகப் பாருங்கள்.